கதவோரத்து ஸ்டிக்கர்: பிக்கப்பில் கார் ஏற்றும் தொழிலுக்கு முதல் கணக்கு

டாலஸுக்குத் தெற்கே ஒரு டிரெய்லர் விற்பனை மைதானத்தில் நின்றுகொண்டு ஒரு தம்பி எனக்குப் போன் செய்தார். சொந்த ஊர் மதுரைப் பக்கம். அமெரிக்கா வந்து பதினைந்து வருஷம் ஆகிறது, கையில் கிரீன் கார்டு இருக்கிறது.

"அண்ணே, டிரக்கு போன வாரமே எடுத்துட்டேன். இன்னிக்கு மூணு கார் ஏத்துற டிரெய்லருக்கு அட்வான்ஸ் குடுக்கப்போறேன். உங்க காதுல ஒரு வார்த்தை போட்டுட்டு குடுக்கலாம்னு..."

"குடுக்கறதுக்கு முன்னாடி டிரைவர் பக்கக் கதவைத் திறங்க தம்பி. கதவு வந்து மூடுற தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஜி.வி.டபிள்யூ.ஆர்.னு போட்டு பக்கத்துல என்ன எண் இருக்கு?"

"14,000 பவுண்டு."

"இப்ப அந்த டிரெய்லர் முன்பக்கத்துல ஒரு தகடு அடிச்சிருப்பாங்க. அதுல?"

"20,000."

"ரெண்டும் சேர்ந்தா 34,000. உங்ககிட்ட சி.டி.எல். லைசென்ஸ் இருக்கா?"

கொஞ்ச நேரம் போனில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

அமெரிக்காவில் ஒரு பிக்கப்பையும் டிரெய்லரையும் வைத்து கார் ஏற்றிப் பிழைக்கலாம் என்று வருகிறவர்களில் பலர் இப்படித்தான் வண்டியில் தொடங்குகிறார்கள். எந்த இன்ஜின், எந்த நிறம், எவ்வளவு இழுக்கும் என்று மாதக்கணக்கில் பேசுவார்கள். ஆனால் எந்த லைசென்ஸ் வேண்டும், இன்சூரன்ஸ் எவ்வளவு வரும், ஒரு நடைக்கு எத்தனை கார் ஏற்றலாம், எடைமேடையில் அதிகாரி எதையெல்லாம் கேட்பார் என்ற கேள்விகளுக்கெல்லாம் கதவோரத்து ஸ்டிக்கரில் பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதி டிரெய்லர் தகட்டில். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் கூட்டிப் பார்க்க வேண்டிய கணக்கை முதலில் பார்த்துவிடுவோம்.

இரண்டு எண்கள்

ஜி.வி.டபிள்யூ.ஆர். என்பது, வண்டியும் அதில் ஏற்றியதும் சேர்ந்து இதற்கு மேல் போகக் கூடாது என்று தயாரித்தவர் விதித்த உச்ச எடை. அன்றைக்கு வண்டி உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு. டிரெய்லரைக் காலியாக இழுத்துக்கொண்டு போனாலும் சட்டம் இந்த எண்ணைத்தான் எடுத்துக்கொள்ளும். "இன்னிக்கு லோடே இல்லையே சார்" என்பது செல்லாது. அதே சமயம், தகட்டில் குறைவாகப் போட்டுவிட்டு நிஜத்தில் அதிகமாக ஏற்றினால் நிஜ எடையும் கணக்கில் வரும். இரண்டில் எது பெரிதோ அதுதான் உங்கள் எடை.

மனப்பாடம் செய்ய வேண்டியவை 10,001, 26,001 என்ற இரண்டே எண்கள்தான். நம் கணக்கில் முதலாவது சுமார் 4,536 கிலோ, இரண்டாவது சுமார் 11,794 கிலோ.

டிரக், டிரெய்லர் இரண்டின் உச்ச எடையும் சேர்ந்து 10,001 பவுண்டைத் தொட்டு, கூலிக்காக மாநில எல்லை தாண்டும் சரக்கை ஏற்றினால், நீங்கள் வணிக வாகனம் ஓட்டுகிறீர்கள் என்று பொருள். எஃப்.எம்.சி.எஸ்.ஏ. எனப்படும் மத்திய வாகனப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கீழ் வந்துவிடுவீர்கள். போக்குவரத்துத் துறையின் பதிவு எண்ணான யு.எஸ்.டி.ஓ.டி. எண், மருத்துவச் சான்று, ஓட்டிய நேரத்தின் பதிவு, டிரக்குக்கும் டிரெய்லருக்கும் வருடாந்திரப் பரிசோதனை, தீயணைப்பான், மூன்று முக்கோண எச்சரிக்கைப் பலகைகள் எல்லாம் கட்டாயம். டிரக்கின் இரண்டு பக்கமும் நிறுவனப் பெயரும் எண்ணும் 50 அடி தூரத்திலிருந்து பகலில் படிக்கும்படி இருக்க வேண்டும். ஒரு டன் பிக்கப் எதை எடுத்து டிரெய்லர் மாட்டினாலும் இந்த முதல் கோட்டைத் தாண்டிவிடும். அதைத் தவிர்க்க வழி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

யோசிக்க வேண்டியது இரண்டாவது கோட்டைத்தான். கூட்டு எடை 26,001 அல்லது அதற்கு மேல் இருந்து, டிரெய்லர் மட்டும் 10,000-ஐத் தாண்டினால் ஏ வகுப்பு சி.டி.எல்., அதாவது வணிக வாகன ஓட்டுநர் லைசென்ஸ், வேண்டும். அதை முதல் தடவை எடுப்பவர்கள் 2022 பிப்ரவரி 7 முதல் பதிவு பெற்ற பயிற்சி நிலையத்தில் படித்துத்தான் தேர்வுக்குப் போக முடியும். வாரக்கணக்கில் நாளும், ஆயிரக்கணக்கில் டாலரும் ஆகும்.

இதில் புதியவர்கள் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் உண்டு. பின்னால் இரட்டைச் சக்கரம் போட்ட பெரிய பிக்கப்பின் உச்ச எடை பெரும்பாலும் 14,000. சி.டி.எல். இல்லாமல் 26,000-க்குள் நிற்க வேண்டுமென்றால் டிரெய்லருக்கு மிச்சம் 12,000 தான். அதே கம்பெனியின் ஒற்றைச் சக்கர ஒரு டன் வண்டி 11,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது டிரெய்லருக்கு 14,500 கிடைக்கிறது. சின்ன வண்டி வாங்கினவருக்குச் சட்டப்படி கூடுதலாக 2,500 பவுண்டு சரக்கு! ஆனால் டிரெய்லரின் முன்பாரத்தை அந்த டிரக்கின் முதுகு தாங்குமா என்று பார்க்க வேண்டும். பிக்கப்பின் தொட்டிக்கு நடுவே, பின் அச்சுக்கு மேல் மாட்டும் கூஸ்நெக் டிரெய்லர் தன் எடையில் ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதத்தை டிரக்கின் மேல் வைக்கும். பம்பருக்குப் பின்னால் மாட்டும் வகை 10 முதல் 15 சதவீதம். 14,500 பவுண்டு கூஸ்நெக் என்றால் முன்பாரமே 2,900 முதல் 3,600 வரை போகும். டேங்க் நிறைய டீசலோடு, நீங்களும் உட்கார்ந்துகொண்டு, டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் எடைமேடையில் ஒரு தடவை ஏறி இறங்குங்கள். ஸ்டிக்கரில் உள்ள எண்ணிலிருந்து அந்தச் சீட்டில் வந்த எண்ணைக் கழித்தால் உங்கள் டிரக் தாங்கும் பாரம் தெரிந்துவிடும்.

எத்தனை கார்?

டிரெய்லர் விற்பவர் "மூணு கார் டிரெய்லர்" என்று சொல்வது நீளத்தை வைத்து. எடையை வைத்துச் சொல்ல வேண்டியது நீங்கள்.

12,000 பவுண்டு டிரெய்லர், காலி எடை 4,500 என்றால் ஏற்ற முடிவது 7,500. ஒரு டொயோட்டா கேம்ரி சுமார் 3,400 பவுண்டு. இரண்டு கேம்ரி 6,800, தாராளமாக ஏற்றலாம். ஒரு கேம்ரியும் ஒரு டெஸ்லா மாடல் ஒய்யும் கேட்டால்? மாடல் ஒய் சுமார் 4,400. கூட்டினால் 7,800. ஏற்றக் கூடாது. பார்க்கக் கச்சிதமாக, இடம் மிச்சம் வைத்துக்கொண்டு உட்காரும், ஆனாலும் கூடாது. மின்சார வண்டிகள் வந்த பிறகு கண்ணளவு முற்றிலும் பொய்த்துவிட்டது. ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் 6,000 பவுண்டைத் தாண்டும். ஹம்மர் மின்சார வண்டி ஒன்றே 9,000 பக்கம்.

லோடு ஒப்புக்கொள்வதற்கு முன் வண்டியின் வருடம், மாடல் கேட்டு எடையைத் தேடிப் பாருங்கள். இரண்டு நிமிஷ வேலை. புரோக்கர் "சின்ன எஸ்.யு.வி. தான்" என்பார். அவர் டிரெய்லர் இழுக்கப் போவதில்லை.

யார் செய்யலாம்

இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்களில் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் கையைச் சுட்டுக்கொள்வார்கள். எச்-1பி விசாவில் இருப்பவர் விசா எடுத்துக் கொடுத்த கம்பெனிக்கு மட்டுமே வேலை பார்க்கலாம். சனி ஞாயிறு மட்டும் ஓட்டுகிறேன், மனைவி பெயரில் கம்பெனி வைத்துவிட்டு நான் லோடு பேசுகிறேன் என்பதெல்லாம் விசாவுக்கே உலை வைக்கும். குடியுரிமை, கிரீன் கார்டு, அல்லது யாரிடமும் எந்தத் தொழிலும் செய்யலாம் என்ற பொதுவான பணி அனுமதி அட்டை இருப்பவர்களுக்குத்தான் இந்த அத்தியாயம். எச்-4 விசாவில் பணி அனுமதி பெற்ற துணைவர் சொந்தத் தொழில் நடத்தலாம். அப்போது உண்மையாகவே நடத்துபவர் அவராக இருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் அதிகாரியிடம் பேசவும் சாலைப் பலகைகளைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. 2025 ஜூன் 25 முதல் சாலைச் சோதனையில் அது இல்லையென்று கண்டால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஊரிலிருந்து வந்த மச்சானை ஓட்ட வைக்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ளவும்.

காகிதங்கள், வரிசைப்படி

வரிசை முக்கியம். முதலில் இன்சூரன்ஸ் ஏஜெண்டிடம் விலை கேளுங்கள். டிரக் வாங்குவதற்கு முன், கம்பெனி பதிவதற்கும் முன். புதிய நிறுவனம், முன் அனுபவம் இல்லை என்றால் முதல் வருட பிரீமியம் பயமுறுத்தும். அந்த எண்ணைக் கேட்ட பிறகும் தூக்கம் வந்தால் மேலே போகலாம். வீட்டு வண்டிக்கு எடுத்த பாலிசியை வைத்துக் கூலிக்கு ஏற்றினால், விபத்து நடந்த அன்று அது வெறும் காகிதம்.

பிறகு மாநிலத்தில் எல்.எல்.சி. பதிவு. டெக்சஸில் 300 டாலர். அடுத்து வருமான வரித் துறையின் இ.ஐ.என். எண். அது இலவசம், அவர்கள் தளத்திலேயே கிடைக்கும். யு.எஸ்.டி.ஓ.டி. எண்ணும் இலவசம். மாநிலங்களுக்கு இடையே கூலிக்கு ஏற்றும் உரிமத்துக்கு விண்ணப்பக் கட்டணம் 300 டாலர், ஒரே தடவை. அதோடு பி.ஓ.சி.-3 என்ற படிவம் வேண்டும். உங்கள் மீது எந்த மாநிலத்தில் வழக்கு வந்தாலும் நோட்டீஸ் வாங்கிக்கொள்ள அங்கே ஒரு முகவர் இருக்கிறார் என்பதற்கான காகிதம் அது. இதற்கென்றே இருக்கும் சேவை நிறுவனங்கள் சில பத்து டாலரில் தாக்கல் செய்துவிடும். பொறுப்புக் காப்பீடு குறைந்தது 7,50,000 டாலருக்கு இருக்கிறது என்று இன்சூரன்ஸ் கம்பெனியே நிர்வாகத்துக்கு நேரடியாகத் தெரிவிக்க வேண்டும். சட்டம் கேட்பது அவ்வளவுதான். புரோக்கர்கள் 10 லட்சம் டாலர் கேட்பார்கள். ஏற்றும் கார்களுக்கான சரக்குக் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை, ஆனால் அது இல்லாமல் எந்தப் புரோக்கரும் சாவி கொடுக்க மாட்டார். குறைந்தது 1,00,000 டாலருக்கு எடுங்கள். விலை உயர்ந்த வண்டி இரண்டு ஏற்றும் நாள் வரும்போது அதுவும் போதாது. யு.சி.ஆர். என்ற வருடாந்திரப் பதிவும் உண்டு. இரண்டு வண்டிக்குள் வைத்திருப்பவருக்கு 50 டாலருக்குள் முடியும்.

விண்ணப்பம் போட்ட மறுநாளிலிருந்து உங்கள் போன் ஓயாது. உங்கள் எண் பொதுப் பதிவேட்டில் வந்துவிடுகிறது அல்லவா! அரசு முத்திரை போலவே அச்சிட்ட கடிதங்களும் வரும். "48 மணி நேரத்தில் கட்டாவிட்டால் உரிமம் ரத்து" என்று ஒரு குரல் மிரட்டும். எதையும் போனில் கட்டாதீர்கள். நீங்களே எஃப்.எம்.சி.எஸ்.ஏ. தளத்துக்குப் போய்ப் பார்த்து, அங்கே பாக்கி காட்டினால் மட்டும் அங்கேயே கட்டுங்கள்.

உரிமம் வந்த பிறகு முதல் 18 மாதம் நீங்கள் கண்காணிப்பில் இருப்பீர்கள். முதல் 12 மாதத்துக்குள் பாதுகாப்புத் தணிக்கை ஒன்று வரும். மருத்துவச் சான்று, ஆறு மாத நேரப் பதிவு, பரிசோதனைச் சீட்டு, காப்பீட்டுச் சான்று இவற்றை முதல் நாளிலிருந்தே ஒரு ஃபைலில் போட்டு வாருங்கள். தணிக்கை வரும்போது தேடி எடுக்க முயன்றால் கிடைக்காது.

டிரெய்லரின் சக்கரம்

டிரெய்லர் வாங்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், குனிந்து படுத்து அச்சைப் பாருங்கள். நான் முதலில் எடுத்தது பழைய டிரெய்லர். பேரிங் எல்லாம் புதுசு, கிரீஸ் வைத்தாகிவிட்டது என்று விற்றவர் சொன்னார். நானும் நம்பினேன். டெக்சர்கானா தாண்டி ஐ-30 நெடுஞ்சாலையில் போகும்போது வலது பக்கக் கண்ணாடியில் மெல்லிய புகை தெரிந்தது. ஓரம் கட்டிப் பார்த்தால் பின் சக்கரத்தின் நடுக்குடம் தொட முடியாத சூடு, கிரீஸ் கறுத்து வழிந்திருந்தது. மேலே யாரோ ஒருவரின் கார். இன்னும் பத்து மைல் போயிருந்தால் சக்கரம் தனியாகக் கழன்று போயிருக்கும். அன்றிலிருந்து எங்கே நிறுத்தினாலும், காபி குடிக்கப் போகும் முன், எல்லாச் சக்கரக் குடத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அங்கே பேரிங்கோ பிரேக்கோ பேசுகிறது. இப்போது தொடாமலே சூடு காட்டும் சிறு கருவி குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய டிரெய்லர் எடுத்தால் பேரிங்கை நீங்களே கழற்றி மாற்றிய பிறகுதான் முதல் லோடு. டயர் டிரெய்லருக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். ஸ்டெப்னி ஒன்றுக்கு இரண்டாக வையுங்கள். கொக்கி கழன்றால் தானே பிரேக் பிடிக்க வைக்கும் சிறு பேட்டரி ஒன்று டிரெய்லரின் முன்பக்கம் இருக்கும். அதில் சார்ஜ் இருக்கிறதா என்று சோதனையில் முதலில் பார்ப்பார்கள்.

ஒரு காரை ஏற்றுவது

ஒரு கார் உங்கள் கைக்கு வந்த நொடியிலிருந்து அடுத்தவர் கையெழுத்துப் போட்டு வாங்கும் வரை அதற்கு வரும் சேதத்துக்கு நீங்கள் பொறுப்பு. கார்மாக் சட்டத் திருத்தம் என்று 1906-லிருந்து இருக்கும் விதி இது. உங்கள் மேல் தப்பு இருக்கிறதா என்று கூட அது கேட்காது. நல்ல நிலையில் கொடுத்தார்கள், சேதத்தோடு வந்தது என்று காட்டினாலே போதும். ஆகவே ஏற்றும்போது அந்தக் கார் எந்த நிலையில் இருந்தது என்பதற்கு உங்களிடம் சாட்சி வேண்டும்.

எனக்கு இது ஒரு கறுப்பு செடானில் புரிந்தது. மழை விட்ட சாயங்காலம், கார் முழுக்க நீர்த்துளி. ஏற்றும் அவசரத்தில் நான்கு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மறுநாள் வெயிலில் இறக்கும்போது பின் பம்பரில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். என்னிடம் இருந்த போட்டோவில் துளிகள்தான் மின்னின. கீறல் முன்பே இருந்ததா, என் டிரெய்லரில் வந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என் கையிலிருந்து 600 டாலர் போனது.

இப்போது என் வண்டியில் ஒரு வாளி தண்ணீரும் மைக்ரோஃபைபர் துணியும் எப்போதும் இருக்கும். தூசியோ ஈரமோ இருந்தால் பம்பர், கதவு விளிம்பு, சக்கர வளைவு இந்த மூன்றையாவது துடைத்துவிடுவேன். பிறகு இடது முன் மூலையில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் ஒரு வீடியோ, நிறுத்தாமல். கூரை, கண்ணாடி, நான்கு சக்கர விளிம்பு, ஓடோமீட்டர், எரிபொருள் முள், வின் எண் தகடு தனித்தனி போட்டோ. ஒவ்வொரு கீறலையும் சரக்குச் சீட்டில் உள்ள கார் படத்தில் குறித்து, கொடுப்பவரைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டி, கையெழுத்து. இருட்டில் ஏற்ற நேர்ந்தால் "வெளிச்சம் போதவில்லை" என்று சீட்டிலேயே எழுதுங்கள். காருக்குள் பெட்டி படுக்கை வைத்து அனுப்பப் பார்ப்பார்கள். சரக்குக் காப்பீடு பொதுவாக அதற்குச் செல்லாது, எடையும் கூடும். மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

ஏற்றும்போது கண்ணாடி ஏற்றி, அலாரம் அணைத்து, கதவு இடிக்காமல் இறங்க இடம் விட்டு மெதுவாக மேலே. பார்க்கில் போட்டு ஹேண்ட்பிரேக். மின்சார வண்டியை வின்ச் போட்டு இழுக்கும்போது அதன் இழுவை நிலையை உரிமையாளரிடமே கேட்டுத் திரையில் மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

கட்டுவதற்கு டயரின் மேல் போர்த்தி இறுக்கும் ராட்செட் ஸ்ட்ராப்தான் நல்லது. வண்டியின் அடியில் எங்கேயாவது சங்கிலிக் கொக்கியை மாட்டினால் வளைவது உங்கள் பணம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று குறைந்தது இரண்டு கட்டு என்கிறது விதி. நான்கு சக்கரத்துக்கும் போடுங்கள். இரண்டு அங்குல ஸ்ட்ராப் பொதுவாக 3,333 பவுண்டு வேலைப் பாரத்துக்குச் செய்யப்படுகிறது, அந்தச் சீட்டு அதில் தைத்திருக்க வேண்டும். சீட்டு கிழிந்துபோன ஸ்ட்ராப், ஓரம் பிய்ந்த ஸ்ட்ராப் இரண்டையும் அன்றைக்கே குப்பையில் போடுங்கள்.

லோடு எங்கே கிடைக்கும்

கார் ஏற்றுபவர்கள் கூடும் சந்தை சென்ட்ரல் டிஸ்பாட்ச். மாதக் கட்டணம் கட்டி உள்ளே போனால் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, ஓடும் வண்டியா ஓடாத வண்டியா, எவ்வளவு கூலி என்று பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும். மேன்ஹைம், கோபார்ட், ஐ.ஏ.ஏ. போன்ற ஏல மைதானங்களிலிருந்து வரும் லோடு அதிகம். அங்கே வாயில் சீட்டு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். மைதானம் மூடும் நேரத்தைத் தாண்டிப் போய் நின்றால் ஒரு நாள் போச்சு.

கூலியைவிட முக்கியம் அதைக் கொடுப்பவர் யார் என்பது. ஒவ்வொரு புரோக்கரும் 75,000 டாலர் பத்திரம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அவருடைய உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று எஃப்.எம்.சி.எஸ்.ஏ. தளத்தில் பாருங்கள், அங்கே பதிந்திருக்கும் போன் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள். ஒருவரிடம் வாங்கிய லோடை இன்னொருவர் பெயரில் மறுபடி விற்கும் ஆட்கள் இப்போது பெருகிவிட்டார்கள். எனக்கு ஒரு லோடுக்கு இன்னும் பணம் வரவில்லை, இனி வராது. முதல் ஆறு மாதத்துக்கு, இறக்கும் இடத்திலேயே காசோ வங்கிக் காசோலையோ தரும் லோடுகளுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

காலி மைல்

டாலஸிலிருந்து ஓக்லஹோமா சிட்டி சுமார் 205 மைல். இரண்டு கார், ஒன்றுக்கு 225 என்று 450 டாலர் கிடைத்ததாக ஒரு மாதிரிக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். "மைலுக்கு ரெண்டு டாலர் இருபது காசு!" என்று மனசு குதிக்கும். ஆனால் காலியாகத் திரும்பினால் ஓடியது 410 மைல், மைலுக்கு ஒரு டாலர் பத்து காசுதான். அங்கிருந்து 105 மைல் காலியாக டல்சா போய், அங்கே இரண்டு கார் ஏற்றி 255 மைல் டாலஸுக்கு வந்தால் இன்னொரு 450. மொத்தம் 900 டாலர், 565 மைல், மைலுக்கு சுமார் 1.59. கூலியை எப்போதும் ஓடிய மொத்த மைலால் வகுங்கள்.

இப்போது செலவு. காலனுக்கு 10 மைல், டீசல் 3.50 என்றால் 198 டாலர். இன்சூரன்ஸ் மாதம் 1,500, வேலை நாள் 22 என்றால் நாளுக்கு 68. டிரக், டிரெய்லர் தவணை மாதம் 1,400 என்றால் நாளுக்கு 64. டயர், எண்ணெய், பிரேக்குக்கு மைலுக்கு 15 காசு ஒதுக்கினால் 85. கூட்டினால் 415. மிச்சம் 485.

ஒரே நாளில் முடிந்தால்தான் இந்த 485. ஓட்டம் மட்டும் பத்து மணி நேரம். நான்கு கார் ஏற்றி இறக்க, போட்டோ எடுக்க, கட்ட, ஏலத்தில் வரிசையில் நிற்க மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குப் பின் ஓட்டக் கூடாது, அதற்குள்ளும் 11 மணி நேரம்தான் ஓட்டலாம் என்பது விதி. ஏலத்தில் ஒரு மணி நேரம் தாமதமானால் இரவு வழியில் தங்க வேண்டும். அப்போது இன்சூரன்ஸும் தவணையும் இரண்டு நாளுக்கு விழும், மிச்சம் 353. இரண்டு நாளைக்கு. இதிலிருந்து 15.3 சதவீத சுயதொழில் வரியும் பிறகு வருமான வரியும். இதைத் தெரிந்துகொண்டு வருபவர் நிலைத்து நிற்பார், ஆகவேதான் ஒரு காசு விடாமல் எழுதுகிறேன். கூலி குறைந்த லோடானாலும் திரும்பும் பாதையில் இருந்தால் எடுங்கள். கூலி அதிகமானாலும் திரும்ப எதுவும் கிடைக்காத ஊரானால் இரண்டு தடவை யோசியுங்கள்.

அந்தத் தம்பி அட்வான்ஸ் கொடுக்கவில்லை. இரண்டு வாரம் தேடி, 12,000 பவுண்டு தகடு போட்ட இரண்டு கார் டிரெய்லர் ஒன்றை எடுத்தார். சி.டி.எல். வகுப்பிலும் சேர்ந்துவிட்டார். கூலிக்கு ஏற்றும் உரிமம் வந்ததும் முதல் லோடு இரண்டு கேம்ரி, டாலஸிலிருந்து ஓக்லஹோமா சிட்டிக்கு. முதல் நடை என்பதால் நானும் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். கிளம்பிய 50 மைலுக்குள் ஒரு தடவை நிறுத்திக் கட்டுகளைப் பார்க்க வேண்டும், அதன் பின் மூன்று மணி நேரம் அல்லது 150 மைலுக்கு ஒரு தடவை. நாற்பதாவது மைலில் டெண்டன் வந்ததும் ஒரு பெட்ரோல் பங்கில் ஒதுங்கினோம். ஏழு ஸ்ட்ராப் கல்லு மாதிரி இருந்தது. முன் காரின் இடது பின் சக்கரத்தில் மட்டும் விரல் நுழைந்தது.

"ஏத்தும்போது நல்லாத்தானேண்ணே இறுக்குனேன்?"

"நல்லாத்தான் இறுக்குனீங்க. கார் அதோட ஸ்பிரிங்குல உக்காந்துருச்சு, அவ்வளவுதான்."

ராட்செட் கைப்பிடியை இரண்டு பல் இறுக்கி மடக்கினார். சக்கரக் குடங்களுக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நேரத்தையும் மைலையும் நோட்டில் குறித்துவிட்டு, ஐ-35-ல் வடக்கே வண்டியைத் திருப்பினார்.